இரண்டு துரைகளுக்கு நடுவில் என் சூளை

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த இடத்தில் எனக்கென்று ஒரு சூளை கட்டினேன். அந்த வருஷத்து மழையில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதே செங்கல்லைப் பொறுக்கி அதே இடத்தில் மறுபடியும் எழுப்பினேன். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவனுக்குப் பீங்கான் ஃபேக்டரி கேக்குதா?" என்று டீக்கடையில் சிரித்த ஆள், பிறகு எனக்கே களிமண் லாரி ஓட்ட வந்தார். வேலை கொடுத்தேன். சாக்கடைக் குழாய், ஊறுகாய் ஜாடி, மீட்டர் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கட்டை, கொலுப் பொம்மை, எதையும் விடவில்லை. இந்தத் தாலுகாவில் எந்த லைன்மேனையாவது நிறுத்திக் கேளுங்கள், என் ஃபியூஸ் கட்டை வெடித்ததென்று ஒருவர் சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். பழமலைநாதர் தேர் திரும்பும் வீதியில் மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். மூன்று பேரும் என்னைவிடப் படித்தவர்கள், அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று கட்டினேன். கடல் தாண்டி ஒரு தீவில், ராணுவம் துப்பாக்கியோடு சுற்றி நிற்க, ஒரு சூளை கட்டி, ஒரு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தேன். மற்ற எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. இதில் மட்டும் இல்லை. அந்தப் பெயரை வாங்காமல் விடப்போவதில்லை என்று முடிவு செய்துதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

போன மாதம் மங்கலம்பேட்டையிலிருந்து பாய் வந்தார். அந்தத் தீவில் எங்கள் காண்டிராக்டரின் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அதற்கு முன்பே வளைகுடாவில் வேலை பார்த்துத் துரைமார் பாஷை கற்றிருந்ததால் அங்கே எனக்கு வாயாக இருந்தவரும் அவர்தான். அவருடைய தங்கை மகன் இப்போது அதே தீவில் ஒரு ஓட்டலில் வேலை செய்கிறான். அவன் அனுப்பிய படத்தைக் காட்டத்தான் பாய் பஸ் ஏறி வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே புதிதாக ஒரு கருங்கல் நட்டிருந்தார்கள். பாலிஷ் போட்டு, பொன் எழுத்தில்.

"என்னா பாய் எழுதியிருக்குது?"

"ஊருக்குத் தண்ணி வந்த கதைண்ணே."

"நம்ம கதையா?"

"கதை நம்முளுதுதான். ஆளுங்கதான் வேற."

மேலே கவர்னர் பெயர். கீழே ராணுவத் தளபதி பெயர். புயலுக்குப் பின் சிவில் நிர்வாகமும் ராணுவமும் தோளோடு தோள் நின்று இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தனவாம். பாய் இரண்டு முறை படித்துச் சொன்னார்.

"தோளோட தோளா?" என்றேன். "ஒருத்தன் வுட்ட மூச்சை ஒருத்தன் இழுக்க மாட்டானே பாய்! நீயும் பக்கத்துலதானே நின்ன?"

"நான் நின்னேண்ணே. என் பேரும்தான் இல்ல. நான் கம்முனு இல்லியா?"

டீ கொண்டுவந்த என் மனைவி டம்ளரை வைத்துவிட்டு அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள். "கல்லுல பேரு இல்லன்னா போவுது. ரேஷன் கார்டுல இருக்குதுல்ல? அதுல மொதப் பேரே உங்க பேருதான்" என்றாள். பாய்க்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் நான் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. தீவின் பெயரும் கிடையாது. அவர்கள் என் பெயரை விட்டார்கள் அல்லவா, அவர்கள் பெயருக்கு நான் ஏன் மை செலவழிக்க வேண்டும்?

அந்தத் தீவு தனி நாடு இல்லை. கப்பலில் வாரக்கணக்கில் போனால்தான் எட்டும் ஒரு பெரிய நாட்டுக்கு அது சொந்தம். இந்தக் காலத்திலும் அப்படி உண்டா என்று என் மூத்த மருமகன் கேட்டார். உண்டு. காலனி என்று பலகை மாட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். அங்கே இருக்கும் சனங்களில் பாதிப் பேர் கரும்பு வெட்டுவதற்காகக் கடலூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து கப்பல் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள். தமிழ் மறந்துபோயிருந்தது. மாரியம்மன் மறக்கவில்லை. ஆடி மாதம் எதுவென்று தெரியாமலே கூழ் ஊற்றினார்கள்.

ஆள்வதற்கு அங்கே இரண்டு துரைகள். ஒருவர் கவர்னர். கோட்டுப் போட்டவர், கண்ணாடி போட்டவர், எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பவர். இன்னொருவர் மலைமேல் இருந்த ராணுவ முகாமின் தளபதி. எதைக் கேட்டாலும் ஆகும், ஆகாது, இரண்டில் ஒன்றுதான். சம்பளம் இருவருக்கும் ஒரே கஜானாவிலிருந்து. ஆனால் கவர்னர் ஒரு மந்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும், தளபதி வேறொரு மந்திரிக்கு. பெரிய நாட்டில் அந்த இரண்டு மந்திரிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், இங்கே தீவில் எங்கள் கொட்டகைக்கு எதிரில் தெருவிளக்கு எரியாது. யார் பல்பு மாட்டுவது என்பதே தகராறு.

நாங்கள் ஏழு பேர் போயிருந்தோம். எல்லாரும் விருத்தாசலத்தைச் சுற்றிய ஊர்க்காரர்கள், எல்லாரும் குழாய் வேலை தெரிந்தவர்கள். துறைமுகத்தில் வடிகால் போடுகிற வேலை. நான்தான் மேஸ்திரி. சூளைக்குத் தீ போடுவதில் கெட்டிக்காரனான என் மச்சான், என் மனைவியின் தம்பி, கருவேப்பிலங்குறிச்சிக்காரன், அவனும் கூட இருந்தான். வாயை மூட மாட்டான்.

போய்ச் சில மாதத்தில் புயல் அடித்தது. நம் கடலூர்ப் பக்கம் புயல் பார்த்தவன்தான் நான். அது வேறு மாதிரி. கவர்னர் பங்களாவின் கூரை பறந்து சர்ச் மேல் கிடந்தது. மலையில் இருந்த ஊற்றிலிருந்து ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் ஓடையோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. பெரிய நாட்டிலிருந்து ஒரே தந்தி: அவசர நிலை, எல்லாம் தளபதி பொறுப்பு.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் சில நாட்கள் அந்தப் பட்டாளத்துக்காரர்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து ஆட்களைத் தோண்டி எடுத்தார்கள். ரொட்டி கொடுத்தார்கள். பிணத்தைக்கூட மரியாதையாகத் தூக்கினார்கள். அந்த வேகம் சிவில் துரைக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. அவர் அந்த நேரத்தில் நனைந்த ஃபைல்களை ஒரு பள்ளிக்கூடத்தில் கொடி கட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் அவர்கள் வடியவில்லை. ஆறு மணிக்கு மேல் யாரும் தெருவில் நடக்கக்கூடாது. திறந்த வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது. தண்ணீர் லாரியில் வரும், துப்பாக்கியோடு இருவர் நிற்பார்கள், அவர்கள் கை காட்டினால் குடம் வைக்கலாம். எதிர்த்துப் பேசிய பெண்ணின் குடத்தை ஒருவன் பூட்ஸ் காலால் உருட்டிவிட்டதை நான் பார்த்தேன். புதுக் குழாய் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், துறைமுகம் சரியாகவில்லை, கப்பல் வர முடியாது என்று பதில். அதே துறைமுகத்துக்கு முகாமுக்கான சாராயப் பெட்டி வந்தது. நானே எண்ணி இறக்கினேன்.

எனக்கு இது புரிய வெளிநாட்டுப் படிப்பு தேவைப்படவில்லை. கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வரும்போது, ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்திருப்பவன் யாரோ அவன்தான் அன்றைக்கு எங்கள் தெருவுக்குக் கலெக்டர். குழாய் வந்துவிட்டால் லாரி வேண்டாம். லாரி வேண்டாமென்றால் வரிசையும் வேண்டாம், வரிசையைக் காக்கத் துப்பாக்கியும் வேண்டாம். தளபதி ஏன் குழாய்க்கு அவசரப்படுவார்?

ஒருநாள் கவர்னர் டிரைவர் இல்லாமல் தானே ஜீப் ஓட்டிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தார். உட்கார ஸ்டூல் போட்டோம். உட்காரவில்லை.

"இந்த மண்ணுல குழாய் செய்ய முடியுமான்னு கேக்கறாரு" என்றார் பாய்.

"முடியும்னு சொல்லு."

"அண்ணே, மண்ணை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"மொதல்ல முடியும்னு சொல்லு பாய். மண்ணை அப்பறம் பாத்துக்கலாம்."

கவர்னர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுத்தில் ஏதாவது உத்தரவு கொடுங்கள் என்று கேட்கச் சொன்னேன். பாய் கேட்டார். கவர்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதைக்கு வாய்மொழியாக இருக்கட்டும் என்றார். சிவில் துரை என்றால் அப்படித்தான்.

மண் ரொம்பக் கொழுப்பான சிவப்பு மண். சும்மா சுட்டால் வெடித்துவிடும். புயலில் உடைந்த பழைய குழாய் ஓடுகளை இடித்துச் சலித்து அதில் சேர்த்தேன். இடிந்து கிடந்த சர்க்கரை ஆலையின் கொதிகலனிலிருந்து சூடு தாங்கும் தீக்கல் பெயர்த்து வந்து சூளை எழுப்பினேன். விறகுக்குக் கவலையே இல்லை, விழுந்த மரங்கள் ஊர் முழுக்கக் கிடந்தன. மிஷின் இல்லை. தகர டிரம்மை நீளவாக்கில் வெட்டி அச்சாக்கி, களிமண்ணைச் சப்பாத்தி மாதிரித் தேய்த்து அதில் சுற்றிக் குழாய் எடுத்தோம். ஊர்ப் பெண்கள் மண் மிதித்தார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மச்சான் அவர்களுக்கு 'ஏலேலோ' போடக் கற்றுக்கொடுத்தான்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். பாய் இன்றைக்கும் அதைத் தப்பு என்கிறார்.

மண்குழாய்க்கு உப்பு போட வேண்டும். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது, நெருப்பு வாய் வழியாக உப்பை வீசினால், அது புகையாகிக் குழாயின் மேல் கண்ணாடி போலத் தோல் பிடிக்கும். அந்தத் தோல் இல்லாவிட்டால் தண்ணீர் கசியும். எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம். முதல் பிடி உப்பைச் சூளையின் முதலாளி போட வேண்டும். அதற்கு முன் சூளைக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, தேங்காய் உடைத்து, முதலாளியைத் தட்டு வைத்து அழைப்போம்.

இந்தச் சூளைக்கு யார் முதலாளி? கவர்னர்தான் செய்யச் சொன்னார். ஆனால் தீவு இப்போது தளபதி கையில். நம் ஊரில் ஒரு விசேஷம் என்றால் என்ன செய்வோம்? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் பத்திரிகை வைப்போம். ஒரு வீட்டை விட்டால்தான் குற்றம். ஆகவே இரண்டு தட்டு ஜோடித்தேன். தேங்காய், வாழைப்பழம், செம்பருத்திப்பூ. வெற்றிலைக்கு அங்கே வழியில்லை. ஒரு தட்டைக் கவர்னருக்குக் கொடுத்தேன். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

"வேணாம்ணே. நெருப்பு மூட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டவன்கிட்டயே போயி, நெருப்பு மூட்டறோம் வாங்கன்னா என்னா அர்த்தம்?"

"மரியாதைன்னு அர்த்தம் பாய்."

முகாம் வாசலில் இருந்த சிப்பாய் தேங்காயை வாங்கிக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே ஏதோ சலசலத்ததும் தரையில் மெதுவாக வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். பாய் அதை எடுத்துக் கல்லில் உடைத்துக் குடித்துக் காட்டின பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். தளபதி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்த நாள், எந்த நேரம் என்று இரண்டே கேள்வி கேட்டார். வருகிறேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தார். எப்படி வந்தார் என்பதுதான் விஷயம்.

சூளை இரண்டு பகல் இரண்டு ராத்திரி எரிந்து, மறுநாள் முற்பகல் உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கவர்னர் கோட்டுப் போட்டு, நான் வைத்த பொட்டைத் துடைக்காமல், கைக்குட்டையால் வியர்வை ஒற்றிக்கொண்டு நின்றார். அப்போது மலைப்பாதையில் முகாமின் தண்ணீர் லாரி இறங்கியது. பின்னால் ஜீப்பில் தளபதி. அதற்கும் பின்னால், ஊர் சனம் முழுக்கக் குடமும் வாளியும் டின்னுமாக ஓடி வந்தது. லாரி எங்கே போனாலும் அவர்கள் போவார்கள், பாவம், அவர்களுக்கு அன்று வேறு தண்ணீர் இல்லை.

தளபதி இறங்கி ஒரே வரி சொன்னார்.

"அணைக்கச் சொல்றாரு" என்றார் பாய். "இல்லன்னா லாரித் தண்ணியை அவரே ஊத்தி அணைப்பாராம்."

கவர்னர் முன்னால் வந்தார். இது சிவில் நிர்வாகத்தின் வேலை, தன் அனுமதியில் நடக்கிறது என்றார். எழுத்து எங்கே என்றார் தளபதி. அவசர நிலையில் உன் அனுமதி செல்லாது என்றார். அவசர நிலை முடிந்திருக்க வேண்டும், நீ முடிக்காமல் இழுக்கிறாய் என்றார் கவர்னர். ஊற்று இருக்கும் நிலம் ராணுவ நிலம் என்றார் தளபதி. குத்தகைதான் என்றார் கவர்னர். பாய் இரண்டையும் எனக்கு மாற்றி மாற்றிச் சொல்லிக் களைத்துப்போனார். "அண்ணே, இது ரொம்ப நாளுச் சண்டைண்ணே. நம்ம சூளையை வச்சிப் பேசிக்கறானுங்க. நாம கொஞ்சம் தள்ளி நிப்போம்."

"தள்ளி நின்னா சூளை யாரு பாக்கறது?"

என் மச்சான் இரும்புக் கம்பியால் சூளைக்குள்ளிருந்து, பதம் பார்க்க வைத்திருந்த மாதிரி வளையத்தை எடுத்து நீட்டினான். சூடு பதம் வந்திருந்தது. "மாமா, இப்ப உப்பு போடலன்னா எப்பவும் போட வேணாம். வெறும் சட்டி ஓடுதான் மிஞ்சும். சீக்கிரம் யாரு மொதலாளின்னு கேட்டுச் சொல்லு."

ஒரு சிப்பாய் லாரியின் ஹோஸை உருவிக்கொண்டு சூளையை நோக்கி வந்தான். நான் நெருப்பு வாய்க்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். முதுகு வெந்தது. "பாய், சத்தமாச் சொல்லு. இந்தச் சூட்டுல தண்ணி ஊத்துனா சூளை வெடிக்கும். மொதல்ல நான் போவேன், அப்பறம் அவன் போவான், தளபதி ரொம்பத் தூரத்துல இல்ல, அவரும் போவாரு. இன்னொன்னு சொல்லு. அந்தத் தண்ணி குடிக்கற தண்ணி. பின்னால குடத்தோட நிக்கிறாங்களே, அவங்களைக் கேட்டுட்டு ஊத்தட்டும்."

பாய் சொன்னார். அங்கே பழகிக் கற்றிருந்த சனத்தின் பாஷையிலும் ஒரு தடவை உரக்கச் சொன்னார். அதை நான் சொல்லச் சொல்லவில்லை, அது அவர் சாமர்த்தியம். பிறகு அன்றைக்குக் குடம் உருண்ட அதே பெண் முன்னால் வந்தாள். யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் லாரியின் பின்குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். அவள் பின்னால் வரிசை தானாக நின்றது. துப்பாக்கிக்காரர்கள் தளபதி முகத்தைப் பார்த்தார்கள். தளபதி வரிசையைப் பார்த்தார். குடிக்கிற தண்ணீரைத் தாகத்தோடு நிற்பவர்கள் கண்ணெதிரே நெருப்பில் ஊற்றச் சொல்ல எந்தப் பட்டாளத்திலும் ஆணை கிடையாது போல. ஹோஸ் பிடித்தவன் அதைக் கீழே போட்டான்.

உடனே கவர்னர் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உப்புக் கூடைப் பக்கம் வந்தார். தளபதியும் வந்தார். அணைக்க முடியாவிட்டால் தானே போடுவது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் கூடைக்குள் போக இருந்தது.

"யார் உத்தரவுல போடறதுன்னு ரெண்டு பேருமே கேக்கறாங்கண்ணே."

கூடையை இழுத்துக்கொண்டேன். முதல் பிடியை நான் அள்ளினேன். நெருப்பு வாய்க்குள் நானே வீசினேன். இரண்டாவதும் நானே. மச்சான் அந்தப் பக்கத்து வாயில் வீசினான். சூளை உறுமியது. வெள்ளைப் புகை மதில் மாதிரி எழும்பி எங்களை மூடியது. உப்புப் புகை கண்ணைப் பிடுங்கும், தொண்டையைப் பிடிக்கும். கவர்னர், தளபதி, சிப்பாய்கள் எல்லாரும் இருமிக்கொண்டு காற்றடிக்கும் பக்கம் ஓடினார்கள். அந்தப் புகைக்குள்ளிருந்து நான் கத்தினேன்:

"என் உத்தரவுன்னு சொல்லு பாய்! சூளை என்னுது!"

பாய் அதை அப்படியே சொன்னாரா, ஏதாவது பூசி மெழுகினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் "நல்லபடியாத்தான் சொன்னேன்" என்கிறார்.

சூளையைப் பிரித்தபோது சில குழாய்கள் கோணியிருந்தன. மற்றவை தட்டினால் வெண்கல மணி. அதற்குள் தளபதி தந்திரமாக ஒரு வேலை செய்தார். குழாய்களை ஊற்றுவரைக்கும் சுமக்கச் சிப்பாய்களை அனுப்பினார். ராணுவம் செய்த வேலை என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா? சுமக்கட்டும் என்றேன். மலை ஏற்றத்தில் எனக்கு ஆள் மிச்சம். ஆக, கல்லில் எழுதியிருக்கும் தோள் பொய் இல்லை. தோள் அவர்களுடையதுதான். தோளில் இருந்த குழாய் யாருடையது? கோடு பார்த்துக் கொடுத்த தீவு எஞ்சினியர் ஒரு சின்னப் பையன், நல்ல வேலைக்காரன். அவன் பெயரும் கல்லில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியில் தண்ணீர் விழுந்தது. லாரி நின்றது. வரிசை கலைந்தது. தண்ணீர் வீட்டு வாசலுக்கு வருகிற ஊரில் அவசர நிலை எதற்கு என்று பெரிய நாட்டில் கேட்டிருப்பார்கள். சீக்கிரத்திலேயே உத்தரவு வந்து தளபதி மலையேறிவிட்டார். கவர்னருக்கு மறுபடியும் தீவு கைக்கு வந்தது. ராணுவ ஆட்சியை முடித்து வைத்தவன் நான்தான் என்று பொதுவில் சொன்னால் என் மருமகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

அதிகாரம் கைக்கு வந்ததும் சிவில் துரை என்ன செய்தார் தெரியுமா? நேரில் வரவில்லை. ஒரு குமாஸ்தாவை அனுப்பினார். அரசு நிலத்தில் உரிமம் இல்லாமல் கட்டிய சூளை, ஆகவே இடிக்க வேண்டும்.

"நீங்கதானே வாயால சொன்னீங்கன்னு கேளு பாய்."

"கேட்டேண்ணே. அதுக்கு ஃபைல் இல்லியாம்."

தளபதி லாரித் தண்ணீரால் அணைக்க முடியாததைக் கவர்னர் ஒரு தாளால் அணைத்தார். இரண்டு பேரில் யார் நல்லவர் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருவர் முகத்துக்கு நேரே ஆகாது என்றார், இன்னொருவர் கை குலுக்கிவிட்டு ஆகாது என்றார். சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பவர் கவர்னர், அந்த ஒரு வித்தியாசத்துக்காக நான் இன்றைக்கும் சிவில் பக்கம்தான் நிற்பேன். ஆனால் இரண்டு பேருமே கடல் தாண்டி வந்தவர்கள், தொட்டித் தண்ணீரைக் குடிக்காதவர்கள், புட்டித் தண்ணீர் குடித்தவர்கள். அந்த ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்காமலே ஊருக்காகச் சண்டை போட்டவர்கள்.

சூளையை இடிக்க வந்த அன்று தீக்கற்களை நாங்களே பெயர்த்து அடுக்கிக் கொடுத்தோம். நான் கட்டியதை இன்னொருவன் கடப்பாரையால் குத்தவிட மாட்டேன்.

அப்போதே என் பெயரைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறாள் மனைவி. "கேக்க வேண்டிய நேரத்துல கையக் கட்டிக்கினு வந்துட்டு, இப்ப நடுவூட்டுல உக்காந்து கத்தறீங்க." அப்போது கல் இல்லையே, எதில் கேட்பது? யாரும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை, நானும் விட்டேன். இப்போது அவர்கள் கல் நட்டிருக்கிறார்கள். கல் நட்டால் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

இதைப் பாயிடம் கொடுத்து அவர்கள் பாஷையில் மாற்றி, தங்கை மகன் வழியாக அந்தக் கவர்னர் ஆபீஸுக்கும் முகாமுக்கும் ஆளுக்கொன்று சேர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் இரண்டு இடத்துக்குமா என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம், இரண்டு இடத்துக்கும்தான்.

துரைமார்களே, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மேலே இருக்கும் பெயருக்கும் கீழே இருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் சும்மா கிடக்கிறது. அன்றைக்கு நான் நின்ற இடமும் அதுதான். அங்கே என் பெயரை வெட்டுங்கள், குழாய் செய்தவர் என்று போட்டு. அதற்கடியில் என் மச்சான் பெயர், அவன் இப்போது உயிரோடு இல்லை, அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பிறகு மற்ற ஐந்து பேர், பாய், அந்தச் சின்ன எஞ்சினியர். இடம் போதவில்லை என்றால் தோளோடு தோள் என்கிற வரியை எடுத்துவிடுங்கள். எழுத்து உங்கள் பெயரைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. தமிழில் வெட்ட வேண்டும். தமிழ் வெட்டத் தெரிந்த ஆள் அங்கே கிடைக்கவில்லை என்றால் தகவல் சொல்லுங்கள், விருத்தாசலத்திலிருந்து நானே அனுப்புகிறேன்.